மலையக ஆலயங்களில் நிவாரணக் காணிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் டித்வா புயல் வந்து போனது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவு பல குடும்பங்களை அப்படியே மூடிவிட்டது. அதிலிருந்து, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் சரி, கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் அழைப்பு வரும்போதும் சரி, கேட்கப்படுவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம். எழுதுகிறவர் ஆலய நிவாரணக் குழுவில் பொருள் கணக்குப் பார்ப்பவர். அதனால் பிரசங்கம் குறைவாகவும் பருப்பும் பற்றுச்சீட்டும் அதிகமாகவும் இருக்கும்.

நிவாரணத்துக்குக் கொடுக்கிற பணம் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையோடு சேர்ந்துவிடுமா?

சேராது, சேரவும் கூடாது. ஞாயிறு காணிக்கையில்தான் மின்கட்டணம், கூரைத் தகரம், குருவானவரின் பயணச் செலவு எல்லாம் ஓடுகின்றன. நிவாரணம் என்று அறிவித்து வாங்கிய பணம் நிவாரணத்துக்கு மட்டும்தான். உறையின் மேல் "நிவாரணம்" என்று எழுதிப் போடுங்கள். எழுதாமல் தட்டில் போட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து சொன்னால், அதைப் பிரித்தெடுக்க எங்களால் முடியாது.

இப்படித் தனியாகச் சேகரிப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. கிலவுதியு இராயன் காலத்தில் பஞ்சம் வந்தபோது, அந்தியோகியாவிலிருந்த சீஷர்கள் அவரவர் வசதிக்கு ஏற்பப் பணம் சேர்த்து, யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்பினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பற்றிய மல்கியா 3ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் கேட்கிற அளவுக்கு இதை நாம் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு எருசலேமிலிருந்த ஏழைகளுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளிடம் பவுல் சேகரித்தார். தான் வந்த பிறகு அவசர அவசரமாகத் திரட்ட வேண்டாம், வாரத்தின் முதல் நாளில் அவரவர் எடுத்து வைத்துக்கொண்டே வாருங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரம். பணத்தைக் கொண்டுபோகிற விஷயத்தில் தன்மேல் யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அழைத்துப் போகிறார். பவுலுக்கே அந்தக் கவலை இருந்தது என்றால் எங்கள் பொருளாளருக்கு இருப்பதில் தப்பில்லை.

பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா?

முடிந்தவரை பணமாக.

முதலில் பாதையைப் பாருங்கள். கண்டி–நுவரெலியா வீதி மண்ணில் புதைந்து, ரயில் பாதையும் அடித்துக்கொண்டு போன பிறகு கொழும்பிலிருந்து லொறி எப்படி ஏறும்? அந்த நாட்களில் டவுன் கடையில் மா இருக்கும், பருப்பு இருக்கும், தெரிந்த முதலாளி கடனாகவும் கொடுப்பார். கையில் காசு இருந்தால் அன்று மாலையே தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு (மேல் பிரிவுக்கு) மூட்டை போய்விடும். கடைக்காரரும் வெள்ளத்தில் அடிபட்டவர்தான், அவருக்கும் நாலு காசு ஓடும்.

அடுத்து, ஆட்களின் தேவை ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு வீட்டில் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மகன் கிடக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். இதில் எதையுமே கொழும்பில் உட்கார்ந்து பெட்டி கட்டி அனுப்ப முடியாது.

பொருள் நிஜமாகவே உதவுவது முதல் இரண்டு மூன்று நாட்களில், கடை திறக்காத நேரத்தில்தான். அதுவும் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். ஹட்டனில் சரிவு என்றால் பொகவந்தலாவையிலிருந்தோ நோர்வூட்டிலிருந்தோ வருகிற ஒரு அண்டா சோறும் பருப்புக் கறியும், மூன்றாம் நாள் வந்து சேரும் ஐந்து லொறியைவிடப் பெரிது.

பொருளாகத்தான் கொடுக்க விரும்புகிறேன். எதைக் கொண்டுவரலாம்?

தோட்டத்து வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று யோசித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். காலையிலும் மாலையிலும் ரொட்டி என்பதால் கோதுமை மா கட்டாயம். அப்புறம் அரிசி, மைசூர் பருப்பு, சீனி, உப்பு, தேங்காய் எண்ணெய், கருவாடு அல்லது நெத்தலி, மிளகாய்த்தூள், சோயா, பால்மா. தேங்காயும் நல்லதுதான், ஆனால் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர் உங்களைத் திட்டுவார். தேயிலைத் தூளைக் கொண்டுவந்து குவிப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு இங்கே பஞ்சம் வருவது அபூர்வம் என்று பணிவோடு சொல்லிவைக்கிறோம்.

சாப்பாட்டுக்கு அப்பால் பலருக்கு நினைவு வராத சில: தறப்பாள், கயிறு, டோர்ச், பற்றரி, தீப்பெட்டி, மெழுகுதிரி, குழந்தைக்குப் பாம்பர்ஸ், பெண்களுக்குப் பேட், சவர்க்காரம், மண் அள்ள மண்வெட்டி, தண்ணீர் எடுத்து வைக்க மூடியுள்ள வாளி. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் பலர் விறகில்தான் சமைக்கிறார்கள். மழையில் விறகு நனைந்துவிட்டால் அரிசி இருந்தும் அடுப்பு எரியாது. அதனால் முதல் நாட்களில் உலர் உணவைவிடச் சமைத்த சாப்பாடும் பாணும் பிஸ்கட்டும்தான் உதவும். பொதியில் ஒரு பக்கெட் பிஸ்கட்டுக்கு இடம் விடுங்கள்.

காலாவதித் திகதியைப் பார்த்துக் கட்டுங்கள். நாங்களும் பார்க்கிறோம். தாண்டியதை யார் கொடுத்தாலும் எடுத்து வைத்துவிடுவோம்.

வீட்டில் நல்ல பழைய துணிகள் இருக்கின்றன. அனுப்பலாமா?

அனுப்புமுன் எங்கள் ஆலயத்துப் பின்னறையில் ஒரு சாக்கு பிரிபடுவதைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். வாயைப் பிரித்ததும் பூச்சிமாத்திரை வாசம் முகத்தில் அடிக்கும். மேலே மடித்த சேலை ஒன்று, நல்லதுதான். அதற்குக் கீழே ஒற்றைச் சப்பாத்து, இன்னொன்று வேறு சாக்கில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அப்புறம் பொத்தான் இல்லாத பாடசாலைச் சட்டை, யாரோ ஒருவரின் கலியாணக் கோட், கை வெட்டிய மெல்லிய பிளவுஸ்கள், உள்ளாடைகள், அடியில் ஈரமாய் ஒரு டவல். வெளியே விடாத மழை. இரண்டு நாள் அப்படியே கிடந்தால் முழுச் சாக்கும் பூஞ்சணம் பிடித்துவிடும். நான்கைந்து பெண்கள் வேலைக்குப் பேர் போடாமல் வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து இதைப் பிரிக்கிறார்கள். அன்று அவர்களுக்குச் சம்பளம் இல்லை. கடைசியில் கொடுக்கத் தகுந்ததாகத் தேறுவது கால்வாசி, மிச்சம் தரை துடைக்க.

இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஸ்வெட்டர், கம்பளி, போர்வை, குழந்தைத் தொப்பி, காலுறை கொடுப்பார்கள். அவற்றைப் பழையதாகவும் வாங்கிக்கொள்கிறோம், துவைத்துக் காயவைத்திருந்தால். உள்ளாடை என்றால் புதிது மட்டும். மற்றதை விற்றோ யாருக்காவது கொடுத்தோ, அதற்குப் பதிலாக ஒரு போர்வைக் காசு கொடுத்தீர்கள் என்றால் உங்களுக்கும் பாரம் குறையும், எங்களுக்கும்.

உதவி கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டுமா?

இல்லை. எங்கள் தோட்டங்களில் பெரும்பாலோர் இந்துக்கள். டவுனில் முஸ்லிம்கள், கீழே கிராமத்தில் சிங்கள மக்கள். மண் இறங்கும்போது யார் வீட்டுச் சுவரில் என்ன படம் தொங்குகிறது என்று பார்ப்பதில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பழைய காயம் இருக்கிறது. 2004இல் மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றம் வரை வந்தது. அதே வருட டிசம்பரில் சுனாமி. அதன் பிறகு, நிவாரணம் என்ற பெயரில் மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் வலுத்தது. யாரோ சில குழுக்கள் செய்ததற்கு, தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற சபைகளும் பதில் சொல்ல வேண்டி வந்தது. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பெரிய நிவாரண நிறுவனங்களும் 1994இலேயே ஒரு நடத்தைக் கோவைக்கு வந்திருந்தன. இனம், மதம் பார்த்து உதவி கொடுக்கக் கூடாது, உதவியை வைத்து ஒரு அரசியலையோ மதத்தையோ வளர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. கரித்தாஸ் போன்ற திருச்சபை அமைப்புகளும் அதை ஏற்றுக்கொண்டவைதான்.

எங்கள் நடைமுறை இது. பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பதில்லை. வரிசையில் நிற்கிறவர்களை ஜெபத்துக்காகக் காக்க வைப்பதில்லை. யாராவது தாமாக "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்று கேட்டால், பொதியைக் கொடுத்து முடித்த பிறகு குருவானவர் தனியாகப் போய்ப் பேசுவார். விநியோகத்தை ஆலயத்தில் வைத்தால் சிலர் வரத் தயங்குகிறார்கள் என்பதால் பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பாடசாலையிலோ, மாரியம்மன் கோயில் மண்டபத்திலோ வைக்கிறோம். கோயிலோ விகாரையோ பள்ளிவாசலோ ஏற்கெனவே சமைக்கிற இடத்தில் நாங்கள் போட்டிக்கு இன்னொரு அண்டா ஏற்றுவதில்லை. அரிசியை அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம். நன்கொடை கொடுத்தவர்களில் ஒரு சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்கும் இதே பதில்தான்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?

எங்கள் வேலையில் ஆகக் கடினமானது இதுதான். பொருள் இருக்கும், லொறி இருக்கும், சரியான பட்டியல் இருக்காது.

லயத்தைக் காம்பிரா (அறை) வாரியாக எண்ணினால் கணக்குப் பிசகும். ஒரு காம்பிராவில் அப்பா அம்மா, கல்யாணம் முடித்த மகன், அவன் பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பம் இருக்கும், பதிவில் இருப்பது ஒரு பெயர். தோட்டத்தில் பேர் பதிந்தவர்களை வைத்து எழுதினால், வேலை நின்ற கிழவர்களும், கொழும்பில் வேலை பார்க்கும் மகளின் பிள்ளைகளை வளர்க்கும் ஆயாக்களும் விடுபடுவார்கள். முகாமில் இருப்பவர்களை மட்டும் எழுதினால், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் போய் ஒண்டியிருப்பவர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள். அந்தச் சொந்தக்கார வீட்டிலும் அடுப்பு ஒன்று, வாய் பதினைந்து.

கிராம உத்தியோகத்தரின் பட்டியலை முதலில் வாங்குகிறோம். அரசாங்க உதவிக்கும் அதுதான் அடிப்படை. தோட்டத் தலைவரின் பட்டியலையும் வாங்குகிறோம். ஆனால் ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கம் இருக்கும், ஒரு சங்கத் தலைவரின் பட்டியலில் மற்றச் சங்கத்துக் குடும்பங்கள் தேய்ந்து போகும். வேண்டுமென்றே நடப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன், பெரும்பாலும். அதனால் மூன்றாவதாக, பிள்ளை மடுவத்தில் பிள்ளை பார்க்கிற அம்மாவிடமும், வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கிறோம். கைப்பிள்ளை எந்த வீட்டில், வயிற்றுப் பிள்ளைக்காரி யார், படுக்கையில் இருக்கிற தாத்தா எந்த லயத்தில், இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு இரவு போகும். அந்த இரவு போனால் போகட்டும்.

இன்னொன்று, தூரம். நிவாரண லொறிகள் பிரதான வீதியோரம் உள்ள பள்ளத்து லயத்தில் நின்றுவிடுகின்றன. ஒரே நாளில் அங்கே மூன்று பொதி கிடைக்கும், மேல் டிவிஷனுக்கு ஒன்றும் போகாது. நாங்கள் மேலிருந்து கீழே வருகிறோம். கொழுந்து லொறியோ டிராக்டரோ போகிற இடம் வரை வண்டி, அதற்கு மேல் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளின் தலைச்சுமை.

ஒரே குடும்பம் இரண்டு இடத்தில் வாங்கினால்?

வாங்கட்டும். அதைப் பிடிப்பதற்குச் செலவழிக்கிற நேரத்தில் இன்னொரு லயத்துக்குப் போய் வந்துவிடலாம்.

தசமபாகத்திலிருந்து கழித்து நிவாரணத்துக்குக் கொடுக்கலாமா?

குருவானவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. மூன்றாம் வருடத் தசமபாகத்தைப் பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை உண்ணும்படி ஊருக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது உபாகமம் 14ஆம் அதிகாரம். அதனால் அப்படிக் கொடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் அப்படியே செய்தால் அந்த மாதம் ஆலயக் கரண்ட் பில் யார் கட்டுவது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முடிந்தவர்கள் மேலதிகமாகக் கொடுங்கள்.

தோட்டத்துச் சபைகளே கஷ்டத்தில் இருக்கின்றன. அவர்களிடமும் காணிக்கை கேட்பது சரியா?

கேட்க வேண்டாம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024 செப்டம்பரில் 1,350 ஆக இருந்தது. அதில் நாலு பேர் சாப்பிட்டு, பிள்ளை படித்து, சீட்டுக் கட்டி முடிய என்ன மிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்தில் லயம் புதைந்தது என்றால் இவர்கள் சும்மா இருப்பதில்லை. அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருகிற பிடியரிசிக் காணிக்கை நம் பாட்டிமார் காலத்திலிருந்தே இருப்பதுதான். அறுவடைப் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் மூன்று தரம் ஏலம் போய், வாங்கினவரே மறுபடி ஆலயத்துக்குக் கொடுத்துவிடுகிற சபைகள் இவை.

மக்கெதோனியா சபைகள் தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்தும், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுலிடம் வருந்திக் கேட்டன. வாங்குகிறவர்கள் என்று மட்டும் ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைப்பது அவர்களுக்கு மரியாதை செய்வது ஆகாது. தொகையை மட்டும் குறிப்பிடாதீர்கள். "குடும்பத்துக்கு இவ்வளவு" என்று நிர்ணயிக்கிற சபைகளும் உண்டு, அதை நாங்கள் செய்வதில்லை. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆராதனையில் வாசிப்பதும் இல்லை. 5,000 கொடுத்தவர் பெயருக்குப் பின்னால் 50 கொடுத்தவர் பெயரை வாசித்தால், அந்த அம்மா அடுத்த தடவை ஆலயத்துக்கு வருவாரா?

நான் கொடுத்த பணம் எங்கே போனது என்று எப்படித் தெரியும்?

கேளுங்கள், கேட்பதால் விசுவாசக் குறைவு ஒன்றும் வந்துவிடாது. வங்கியில் நிவாரணத்துக்குத் தனிக் கணக்கு, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. அந்த இருவரும் ஒரே குடும்பத்தவர்களாக இருக்கக் கூடாது. சின்னச் சபைகளில் இது தானாக நடப்பதில்லை, பார்த்துத்தான் செய்ய வேண்டும். உண்டியலை எப்போதும் மூன்று பேர் சேர்ந்து எண்ணுவார்கள். கடைப் பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் குழு ஏற்காது. தலைச்சுமைக் கூலி மாதிரி சீட்டு இல்லாத செலவுக்கு வாங்கினவரின் கையெழுத்தோ கைநாட்டோ எடுக்கிறோம்.

மாதக் கடைசி ஞாயிறன்று வரவும் செலவும் மீதியும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். "பொருட்கள்" என்று ஒரே வரியில் எழுதுவதில்லை. மா எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் தோட்டத்துக்கு என்று எழுதுகிறோம். வாங்கிய குடும்பங்களின் பெயரை ஒட்டுவதில்லை. அது கோப்பில் இருக்கும், கணக்காய்வாளர் பார்ப்பார்.

கொடுக்கும்போது படம் எடுத்து அனுப்புவீர்களா?

மூட்டைகளைப் படம் எடுப்போம், லொறியை எடுப்போம், பாதை உடைந்த இடத்தை எடுப்போம். பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்க்கச் சொல்லி யாரையும் நிறுத்துவதில்லை. நேற்று வரை மரியாதையாக வாழ்ந்த மனுஷன், இன்று போட்டிருப்பது யாரோ கொடுத்த சட்டை. அந்தப் படம் பேஸ்புக்கில் போய், அவர் மகள் படிக்கிற வகுப்பில் எல்லோரும் பார்க்கிறார்கள். உங்கள் நிறுவனத்துக்குப் படம் கட்டாயம் தேவை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம். பதாகை பிடிப்பதும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து உதவ விரும்புகிறோம். கொன்டெய்னர் அனுப்பலாமா?

வேண்டாம். துறைமுகத்தில் ஆவணம் முடித்து, வெளியே எடுத்து, மலை ஏற்றி வருவதற்குள் அதில் இருப்பது தேவைப்பட்ட காலம் தாண்டியிருக்கும். அந்தச் செலவிலேயே இங்கே இரண்டு மடங்கு பொருள் வாங்கலாம். பணத்தை ஆலயத்தின் பெயரிலோ மறைமாவட்டத்தின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொரு அனர்த்தத்தின் போதும், மண்ணில் புதைந்த வீட்டின் படத்தோடு ஒரு தனியாளின் கணக்கு இலக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும். குருவானவர் பெயர் போட்டு வந்தாலும், அவருக்கே ஒரு அழைப்பு எடுத்துக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் இருப்பவர்களுக்குக் கரித்தாஸ் மூலமான வழி இருக்கிறது, தவக்காலத்தில் சேர்க்கிற பணமும் அந்த வழியில்தான் போகிறது. மற்றச் சபையார் தங்கள் மறைமாவட்ட அலுவலகத்திலோ தலைமையகத்திலோ விசாரிக்கலாம்.

இவ்வளவு சேர்ந்தும் ஏன் முழுவதையும் உடனே செலவழிக்கவில்லை?

அதிகம் குறை கேட்கிற கேள்வி இது. "சனங்கள் கஷ்டப்படுகிறார்கள், நீங்கள் பேங்கில் வைத்திருக்கிறீர்கள்" என்கிறார்கள்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த வாரம் நாடு முழுவதும் அங்கே திரும்பியது. லொறி லொறியாகப் பொருள், தொலைக்காட்சி, அமைச்சர்கள். உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பிறகு மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். வீடுகள் கையில் கிடைத்தது 2016இல். இடையில் இரண்டு வருடம். முதல் வாரத்துப் பருப்பு எத்தனை நாளைக்கு வரும்?

டித்வாவிலும் அதேதான். வெள்ளம் வந்த நேரம் உயர்தரப் பரீட்சை பாதியில் நின்று, மிச்சம் ஜனவரியில்தான் நடந்தது. முகாமில் இருந்து எழுதப் போன பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை, நோட்ஸ் இல்லை, சிலருக்கு அடையாள அட்டையே இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அதை யாரும் கேட்கவில்லை. ஜனவரியில் கேட்டபோது, பெரும்பாலான இடங்களில் பணம் தீர்ந்திருந்தது. மூன்றாம் மாதம்தான் வாடகை, சட்டி பானை, சீருடை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, மனம் உடைந்தவர்களை டொக்டரிடம் கூட்டிப் போகிற செலவு எல்லாம் வரும். அப்போது லொறி ஒன்றும் வராது.

அதனால் எங்கள் குழு வருகிற பணத்தில் பாதியைத்தான் முதல் மாதத்தில் செலவழிக்கிறது. மறுபாதி அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு. பேங்கில் இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் ஏப்ரல் மாதம் வந்து பார்க்கட்டும்.

ஆலயம் வீடு கட்டிக் கொடுக்குமா?

ஆசை இருக்கிறது, ஆனால் நினைத்த மாதிரிச் செய்ய முடியாது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து கம்பனிகள் நிர்வாகம் செய்கின்றன. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கும் அந்தக் காம்பிரா சொந்தமில்லை. வீடு கட்ட முதலில் காணி விடுவிக்கப்பட வேண்டும், அதற்குக் கம்பனியும் அரசாங்கமும் சம்மதிக்க வேண்டும். அந்த நிலம் பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும். இது எதுவும் இல்லாமல், நல்ல மனசோடு ஒரு சரிவில் நாலு அறை கட்டிக் கொடுத்தால், அடுத்த அடைமழைக்கு அந்தக் குடும்பத்தை நாமே கொண்டுபோய் ஆபத்தில் வைத்ததாக ஆகும்.

சேதமான வீட்டுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிகளை வாங்கும்போதும் இதே முடிச்சுத்தான். டித்வாவுக்குப் பிறகு வீடு சுத்தம் செய்ய 25,000 ரூபா என்று அறிவித்தார்கள். வீட்டுக்கு ஒன்று என்றால் சரி, லயத்தில் வீடு என்று எதைச் சொல்வது, யார் பெயரில் எழுதுவது? இங்கே ஆலயத்தால் செய்யக்கூடியது அதிகம். விண்ணப்பம் நிரப்பலாம், பிரதேச செயலகத்துக்குக் கூடப் போகலாம், விடுபட்ட பெயருக்கு மேன்முறையீடு எழுதலாம், காணிக் கடிதம் வரும்வரை வாடகை கொடுக்கலாம். இதற்கெல்லாம் திறப்பு விழா கிடையாது, அதனால் நன்கொடை கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மழை நேரத்தில் ஆலயத்தில் வந்து தங்கலாமா?

திறந்து வைக்கிறோம். ஆனால் ஆலயமும் மலையில்தான் இருக்கிறது. கல்லால் கட்டியது, வெள்ளைக்காரன் காலத்தது என்பதற்காக மண் அதை விட்டுவைக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக, சிவப்பு என்றால் உடனே வெளியேற. உங்கள் பிரிவுக்குச் சிவப்பு வந்தால் கிராம உத்தியோகத்தர் காட்டுகிற இடத்துக்குப் போங்கள், அது ஆலயமாக இல்லாவிட்டாலும். சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் ஊறுவது, இதில் எதைக் கண்டாலும் நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கொடுக்கக் கையில் காசு இல்லை. என்ன செய்யலாம்?

சுமை தூக்க ஆள் வேண்டும் என்பது மேலே சொன்னதிலேயே தெரிந்திருக்கும். அதைவிட எங்களுக்குத் தட்டுப்பாடு சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு. அலுவலகத்தில் தருகிற படிவம் பல நேரம் சிங்களத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போகிற அம்மா மறுபடி வரமாட்டார். கொழும்பில் வேலை செய்து ஊருக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகள் ஒரு நாள் காலை வந்து உட்கார்ந்தாலே பத்துப் பதினைந்து குடும்பத்தின் படிவம் முடிந்துவிடும். பேனாவும் தேநீரும் நாங்கள் தருகிறோம்.

எல்லாம் முடிந்த பிறகு பொருள் மிஞ்சினால்?

அரிசி, மா, பருப்பு மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, வண்டு விழும். பக்கத்துப் பிள்ளை மடுவத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். தறப்பாளும் கயிறும் மண்வெட்டியும் மட்டும் காயவைத்து, எண்ணி, பின்னறை அலுமாரியில் பூட்டப்படும். சாவி ஒன்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடமும் இன்னொன்று பொருளாளரிடமும் இருக்கும்.